வேனின் பின்கதவைத் தாங்கும் தண்டுகள்



தோட்டத்துக் குடும்பங்களில் இன்று ஒரு வேன் இருப்பது அரிதான காட்சி அன்று. அது புதிய வண்டியாக இல்லாமல், பிறர் பத்தாண்டு ஓட்டிய பழைய வண்டியாக இருக்கலாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாதத் தவணை கட்டுகிற வண்டியாகவும் இருக்கலாம். 2009ஆம் ஆண்டில் புரோட்டோன் எக்சோராவும் பெரோடுவா அல்சாவும் சந்தைக்கு வந்த பிறகு, ஏழு பேர் அமரும் வண்டி சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், சந்தையிலிருந்து அரிசி மூட்டை வருவதும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அந்த வண்டியில்தான். தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போனால், பின்கதவைத் தூக்கி நிறுத்தி, அந்த நிழலிலேயே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அந்தப் பின்கதவு எதனால் மேலே நிற்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அது நிற்கும்வரை நாம் அதைப் பற்றி நினைப்பதில்லை. ஒரு நாள் நிற்காமல் போகிறது. கையை எடுத்தவுடன் மெல்ல இறங்குகிறது. சில நாள் கழித்துத் தடாலென்று விழுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து முட்டுக் கொடுக்கிறோம். "இப்போதைக்கு இருக்கட்டும், சம்பளம் வந்ததும் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறோம். சம்பளம் வருகிறது, போகிறது. கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

தற்காலிகமாக வைத்தது நிரந்தரமாகிவிடுவதில்தான் ஆபத்து. அந்தக் கதவு பல வண்டிகளில் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த அந்தக் கனம் பெரியவர்களின் தலைக்கு மேலே நிற்கிறது. அதன் கீழே குனிந்து புத்தகப் பையை எடுக்கிறவர்களோ நம் பிள்ளைகள். முட்டுக் கட்டையை ஒரு பை இடறினால் போதும். ஆகவே, கதவைத் தாங்கும் தண்டு எப்படி வேலை செய்கிறது, அதை எப்படிப் பாதுகாப்பாக மாற்றுவது என்பதை இன்று தெரிந்து கொள்வோம்.

பின்கதவைத் திறந்தால் இருபுறமும் ஒவ்வொரு தண்டு தெரியும். கறுப்புக் குழாய் ஒன்று. அதற்குள்ளிருந்து வெளியே வரும் பளபளப்பான மெல்லிய கம்பி ஒன்று. கடைகளில் இதை அப்சோர்பர் என்றும் டேம்பர் என்றும் சொல்லுகிறார்கள். நாம் தாங்கு தண்டு என்று சொல்லுவோம்.

இதன் உள்ளே இரும்புச் சுருள் ஏதும் இல்லை. பெரும் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவும், சிறிதளவு எண்ணெயுமே இருக்கின்றன. வாயு எப்படிக் கதவைத் தூக்கும்? இதற்கு ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, காற்று வெளியேறும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். சிறிது தூரம் உள்ளே போகும். கையை எடுத்தால் கைப்பிடி திரும்பி வரும். அடைபட்ட காற்றைச் சிறிய இடத்துக்குள் நெருக்கினால் அது எதிர்த்துத் தள்ளுகிறது. இடம் குறையக் குறைய அழுத்தம் கூடும் என்னும் இந்த விதியை ராபர்ட் பாயில் என்ற அறிஞர் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த விதிதான் இன்று நம் வேனின் பின்கதவிலும் வேலை செய்கிறது.

எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்றால் அதன் முனைப் பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர சென்டிமீட்டர். அந்தச் சிறிய பரப்பைத் தள்ளி 40 கிலோ எடையைத் தாங்கும் விசை பிறக்க வேண்டுமானால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 80 கிலோ அழுத்தம் வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோதான். வண்டிச் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றே 2 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியானால் சக்கரத்தில் உள்ளதைப் போல 40 மடங்கு அழுத்தம் அந்த ஒல்லியான குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது! இதை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். இதன் பயன் பேச்சின் முடிவில் தெரியும்.

இருபது கிலோ கதவுக்கு ஒவ்வொன்றும் 40 கிலோ தாங்கும் தண்டுகள் இரண்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டுக் கதவைக் கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளலாம். கீலுக்கு அருகே தள்ளிப் பாருங்கள், முழுக் கையும் வேண்டும். வேனின் தண்டுகள் கீலுக்கு அருகே பூட்டப்பட்டிருப்பதால், கதவின் எடையைவிட அதிக விசை அவற்றுக்குத் தேவைப்படுகிறது.

தண்டு ஏன் தளர்கிறது? கம்பி வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கம்பி அதில் உரசுகிறது. தோட்டத்துச் செம்மண் தூசியும் உரத் தூளும் கம்பியில் ஒட்டினால் அடைப்பு விரைவில் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் வாயு சிறிது சிறிதாகக் கசிகிறது. கம்பியின் மேல் எண்ணெய்ப் பசை தெரிந்தால் அது ஓர் அடையாளம். கதவு முழு உயரத்துக்கு வராமல் நிற்பதும், கையை விட்டதும் இறங்குவதும் மற்ற அடையாளங்கள். சிலர் "காலையில் கதவு நிற்கவில்லை, மத்தியானம் நிற்கிறது" என்பார்கள். அதுவும் பொய்யன்று. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். 30 பாகை வெப்பத்திலிருந்து 15 பாகைக்கு இறங்கினால் விசை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதை முதலில் உணர்வார்கள். அது தண்டின் ஆயுள் முடிகிறது என்பதற்கு முன்னறிவிப்பு.

தளர்ந்த தண்டுக்கு மீண்டும் வாயு அடைத்து உயிர் கொடுக்க வீட்டில் வழியில்லை. மாற்றத்தான் வேண்டும். இனி மாற்றும் முறையைப் பார்ப்போம்.

முதலில் வாங்குதல். வண்டியின் பெயரையும் அது செய்யப்பட்ட ஆண்டையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பழைய தண்டின் குழாயில் அதன் எண்ணும் விசையும் அச்சிடப்பட்டிருக்கும். 400 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 40 கிலோவைத் தாங்கும் விசை என்று பொருள். நீளம், விசை, முனையின் அமைப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். "பலமானதாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்காதீர்கள். விசை மிகுந்தால் கதவு மேலே சென்று வேகமாக மோதும், கீலும் வளையும். கழித்த வண்டியிலிருந்து எடுத்த தண்டு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் உள்ளே எவ்வளவு வாயு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கத் தண்டு மட்டும் தளர்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் பலமும் மறுபுறம் பலவீனமும் இருந்தால் கதவு கோணிவிடும். பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் மின்கதவுள்ள வண்டியாக இருந்தால் அதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

அடுத்து ஆயத்தம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். காற்று பலமாக வீசும் நேரம் வேண்டாம். பிள்ளைகள் பார்க்கலாம்; ஆனால் நாலடி தள்ளி நின்று பார்க்கட்டும். இந்த வேலைக்குப் பெரியவர் இருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் கதவை முழுதும் தூக்கிப் பிடித்துக் கொள்ள வேண்டும். அவர் கைக்குத் துணையாக, உறுதியான கட்டையொன்றின் முனையில் துணி சுற்றி, கதவின் இரும்புப் பகுதியில் முட்டுக் கொடுங்கள். கண்ணாடியிலோ பிளாஸ்டிக் பகுதியிலோ முட்டுக் கொடுக்கக் கூடாது. கட்டை இருக்கிறதே என்று பிடித்திருப்பவர் கையை எடுக்கவும் கூடாது.

இனிக் கழற்றுதல். பெரும்பாலான வண்டிகளில் தண்டின் இரு முனைகளும் குண்டு போன்ற ஆணித் தலையில் கிண்ணம் போலப் பொருந்தியிருக்கும். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சிறிய இரும்புக் கிளிப் ஒன்று இருக்கும். தட்டை முனையுள்ள சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கிளிப்பை மூன்று நான்கு மில்லிமீட்டர் நெம்பினால் போதும். முழுதும் பிடுங்க வேண்டியதில்லை. கிளிப் தெறிக்கக்கூடும், ஆகவே முகத்தை அருகே கொண்டு போகாதீர்கள். கண்ணாடி அணிந்து கொள்வது நல்லது. பிடித்திருப்பவர் கதவை இன்னும் ஒரு விரற்கடை மேலே தூக்கினால் தண்டின் இறுக்கம் தளரும். அப்போது கிண்ணத்தை வெளிப்பக்கம் இழுத்தால் கழன்று வரும். சில வண்டிகளில் முனை போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். அதற்கு ஸ்பேனர் வேண்டும். முக்கியமான விதி: ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது.

மாட்டுவதற்கு முன் பழைய தண்டையும் புதிய தண்டையும் அருகருகே வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். ஆணித் தலையைத் துடைத்து, மிளகளவு கிரீஸ் தடவுங்கள். பழைய தண்டின் குழாய்ப் பக்கம் எந்த முனையில் இருந்ததோ, புதியதும் அப்படியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் ரப்பர் அடைப்பை நனைத்துக் கொண்டிருக்கும்படி கணக்கிட்டே அந்தத் திசையை வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தை ஆணித் தலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் "டக்" என்ற ஓசை கேட்கும். கிளிப் சரியாக அமர்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள். பளபளப்பான கம்பியைக் குறடால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல் புதிய அடைப்பையும் அறுத்துவிடும்.

இரண்டும் மாட்டியான பிறகு முட்டுக் கட்டையை எடுத்து, கையை விடாமல் கதவை மெல்ல இறக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை திறந்து மூடிச் சரியாக நிற்கிறது என்று கண்ட பிறகே மற்றவர்களை அருகே விடுங்கள். நிதானமாகச் செய்தாலும் அரை மணி நேர வேலைதான். இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தக் கதவின் கீழே நின்று மூட்டை இறக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள்தாமே! அவர்களும் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போது அந்த 40 மடங்கு அழுத்தத்தை நினைவுக்குக் கொண்டு வருவோம். கழற்றிய பழைய தண்டு செத்துப்போன பொருள் அன்று. கதவைத் தாங்க முடியாத தண்டுக்குள்ளும் ஆபத்தான அழுத்தம் மிஞ்சியிருக்கும். நம் தோட்டங்களில் குப்பையைக் குவித்துத் தீ வைக்கும் பழக்கம் உண்டு. அந்தத் தீயில் இந்தத் தண்டு விழுந்தால் வாயு விரிந்து வெடிக்கும். இரும்புக் கம்பி அம்பு போலப் பாயும். சுத்தியலால் அடிக்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. பிள்ளைகள் விளையாட எடுக்கும் இடத்தில் போட்டு வைக்கவும் கூடாது. பட்டறையிலோ பழைய இரும்பு வாங்குகிறவரிடமோ, "இதில் வாயு அடைபட்டிருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அதை அறுப்பவரின் உயிருக்கு ஆபத்து.

கையில் பணம் இல்லாத மாதமும் வரும். அதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அப்போது குறைந்தபட்சம் இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, கிடைத்த குச்சியை நம்பாமல், அளவாக வெட்டிய உறுதியான கட்டை ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். இரண்டு, கட்டை நின்றாலும் ஒரு பெரியவர் கதவைப் பிடித்திருக்கும்போது மட்டுமே சாமான் எடுக்க வேண்டும். பிள்ளைகள் அதன் கீழே போகவே கூடாது. தண்டு வாங்கும் பணத்தை அடுத்த சம்பளத்தில் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

நேயர்களே, இன்று கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். கதவு தானாக இறங்கத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். அளவும் விசையும் பொருந்திய தண்டுகளை இரண்டாக வாங்குங்கள். கதவை ஒருவர் பிடிக்க, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாற்றுங்கள். பழையதைத் தீயிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் விலக்கி வையுங்கள். மாற்றிய பின், கம்பியில் படியும் தூசியை அவ்வப்போது காய்ந்த துணியால் துடைத்து வாருங்கள்.

நாளைக் காலையில் வேனின் பின்கதவைத் திறக்கும்போது, ஒரு கணம் கையைக் கதவுக்கு அருகிலேயே வைத்துக் கொண்டு, அது தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.