தொட்டுப் பார்த்தல்

(தூத்துக்குடியில் இரவுப்பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். கவிதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வரும் நோயைப் பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். எதற்காக நகை அங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். பாதி நகை பிள்ளைகளின் சீக்குக்காக வருகிறது.

உப்பளத்து அக்கா ஒருத்தி. இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை. முதலில் மோதிரம், அப்புறம் கம்மல். "பிள்ளைக்கு என்னக்கா?" என்று கேட்டேன். "நெஞ்சுச் சளி தம்பி, போவவே மாட்டேங்கு. பாலு குடிக்கயில பாதியில விட்டுட்டு அசந்து தூங்கிருதான். நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. எடையே ஏறல. தோஷம்னு சொல்லுதாவ" என்றாள். நான் கம்மலை எடை போட்டேன், வட்டி சொன்னேன், பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் தனியாக வந்தாள். இதயத்தில் ஓட்டை என்று கடைசி வாரத்தில்தான் சொன்னார்களாம். பிள்ளை இல்லை.

பிற்பாடு தேடிப் படித்தேன். பால் குடிக்கும்போது களைத்து விட்டுவிடும், நெற்றி வேர்க்கும், எடை ஏறாது, சளி திரும்பத் திரும்ப வரும் — பிறவி இதய நோய்க்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் அறிகுறிகள் இவை. அந்த அக்கா ஒன்றுகூட விடாமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நோயைக் கண்டவள் அவள். அவள் சொன்னதைக் காதில் வாங்கத் தெரிந்த ஆள்தான் இல்லாமல் போனான். அந்த ஆள் நான்தான். இன்றைக்கு இங்கே நின்று பேசுவதற்கு அதுதான் காரணம்.

'தோஷம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் போகிறது, கண் உள்ளே போய்விட்டது, உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. நம் தெருவில் என்ன சொல்கிறோம்? தூரமான பொம்பளை தொட்டுட்டா, தீட்டுப்பட்டவ நிழல் விழுந்துட்டு என்கிறோம். இந்து வீட்டிலும் இதே பேச்சு, வேதக்கார வீட்டிலும் இதே பேச்சு. யோசித்துப் பாருங்கள். தீட்டு என்ற கருத்தை வைத்துத்தான் நம்மை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அதே கருத்தை எடுத்து நாம் நம் வீட்டுப் பெண்கள் மேல் வீசுகிறோம். சாதி நமக்குக் கொடுத்த நோய்ப்பெயர் இது. பெயரைச் சொன்னதும் குற்றவாளி கிடைத்துவிடுகிறாள், மருந்து கிடைக்காமல் போகிறது.

உச்சிக்குழி பள்ளமாவதற்குக் காரணம் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போனது. வயிற்றுத்தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே சமமானால் சரி. மெல்லத் திரும்பினால் வறட்சி. தாகத்தோடு தம்ளரைப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிற பிள்ளையை அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

மருந்து என்ன? உப்பும் சர்க்கரையும் தண்ணீரும். 1971-இல் வங்கதேசப் போரின்போது பொங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல. அகதிகள், அம்மாக்கள்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். முள்ளக்காட்டிலும் தருவைக்குளத்திலும் வேப்பலோடையிலும் விடிவதற்கு முன்னால் போய் உப்பு வாருகிறவர்கள் நம் ஆட்கள். இந்த நாட்டுக்கே உப்பு கொடுக்கிற கைகள். அந்தக் கையால் ஒரு பிள்ளைக்குக் கரைசல் கலக்கத் தெரியாமல் போனால் அது யார் குற்றம்? சுகாதார நிலையத்தில், அங்கன்வாடியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசம். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில், முழுசாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கூடவே 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை. மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது மூச்சு. சளி எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். எது சளி, எது நிமோனியா என்று பிரிக்க ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் மோசம். ரூபாயைத் தப்பில்லாமல் எண்ணுகிற நான் அந்தப் பிள்ளையின் மூச்சை ஒருநாளும் எண்ணவில்லை.

நான்கு அபாயங்களை மனப்பாடம் செய்யுங்கள். பால், தண்ணீர் எதுவும் குடிக்க முடியவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. வலிப்பு. எழுப்பினாலும் எழாத மயக்கம். ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் போடுங்கள். தொக்கம் எடுக்கவும் மந்திரிக்கவும் அப்போது நேரம் கிடையாது.

அம்மையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அம்மன் நம் தெய்வம், அவளை யாரும் பறிக்க வேண்டாம். வேப்பிலை கட்டுங்கள். ஆனால் தட்டம்மை வந்த பிள்ளைக்கு நிமோனியாவும் வரும், கண்ணும் போகும். அதனால் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், தடுப்பூசியை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஊசி போட வந்தபோது வதந்தியைக் கேட்டுப் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் நம்மிலும் உண்டு. ரூபெல்லா பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் வயிற்றுப்பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் 1941-இல் இதைக் கண்டு சொன்னார். நாம் 2019 டிசம்பரிலும் சூரிய கிரகணத்துக்குப் பயந்து கர்ப்பிணிகளைக் கதவடைத்து உட்கார வைத்தோம்.

'பிறவி' என்ற சொல்லுக்கு வருகிறேன். நமக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். பிறப்பால் வந்தது, மாறாது, போன ஜென்மத்துப் பாவம் என்று ஆயிரம் வருடமாக நம் முகத்தில் எழுதப்பட்ட சொல். அந்தப் பொய்யை எதிர்த்துச் சண்டை போடுகிற நாமே ஒரு பிள்ளை வளைந்த பாதத்தோடு பிறந்தால் "அவன் விதி" என்று விட்டுவிடுகிறோம். வளைபாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே காட்டினால் வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு கட்டுகளில் பெரும்பாலும் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் நரம்பில் ஒரு சின்ன வெட்டு. பிறகு நான்கைந்து வயது வரை இரவில் போட ஒரு செருப்புப் பட்டை. பொன்செட்டி முறை என்று பெயர். பிளந்த உதட்டைத் தைத்துவிடலாம். இளம்பிள்ளைவாதம் விதி என்றுதான் சொன்னார்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியது.

ஆகவே பிறந்த பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை பாருங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால் வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்த அறுவையை அறுபது நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அழும்போது உதடும் நகமும் நீலமானால் இதயம். கண்மணிக்குள் வெள்ளை தெரிந்தால் புரையோ புற்றோ. தட்டு விழுந்தும் திடுக்கிடாத பிள்ளைக்குக் காதைச் சோதிக்க வேண்டும். "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று மூன்று வருடத்தைத் தொலைக்காதீர்கள். நாலைந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும், ஒன்பது மாதத்தில் உட்கார வேண்டும், ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். இல்லையென்றால் காட்ட வேண்டும்.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பிரசவத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். அதற்காகக் குறையோடு பிறந்த பிள்ளையின் தாயைப் பார்த்து "மாமனைக் கட்டினதாலதான்" என்று சொன்னால் அது இன்னொரு தோஷம்தான். கட்டி வைத்தது நாம். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் 1916-இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொன்னார். சாதியைத் தாண்டிக் கட்டுங்கள் என்று நாம் மேடையில் பேசுவதற்கு உடம்பும் ஒரு நியாயம் வைத்திருக்கிறது.

1929-இல் 'யங் இந்தியா'வில் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. அம்பேத்கரும் தம் நினைவுக் குறிப்பில் அதை எடுத்துச் சொல்கிறார். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். பிறகு வந்தும் நோயாளியை வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவனிடம் கொடுத்து, கணவன் மனைவிக்கு வைத்தார். தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அவள் செத்துப்போனாள். அண்ணலுக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் மட்டும்தான் பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நான்கு பேரையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். இந்த இயக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இன்றைக்கும் தெருப்பெயரைக் கேட்டதும் ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே சீட்டு எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா பிள்ளைக்கே அது நடந்தது. தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கேட்க வேண்டுமானால் என்ன பார்க்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "டாக்டர், மூச்சு நிமிஷத்துக்கு அறுபத்திரண்டு ஓடுது" என்று ஒரு தாய் சொன்னால் அவரால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது.

2013 முதல் பிறந்த பிள்ளையிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்க அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை மருத்துவக் குழு வர வேண்டும். குறை கண்டால் மேல்சிகிச்சை இலவசம். இதய அறுவைக்கும் காதுக்குள் கருவி வைப்பதற்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. ஆனால் குழு வருகிற அன்றைக்கு நம் பிள்ளை எங்கே? உப்பளத்துக் கொட்டகையில் தொட்டிலில் கிடக்கிறான், பக்கத்தில் ஏழு வயது அக்காள். தோழர்களே, உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. குழு வரும் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாளில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மனு எழுதுங்கள். ஒவ்வொரு இரவுப்பள்ளியிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வையுங்கள், கடிகாரம் ஒன்று மாட்டுங்கள்.

அந்த அக்கா கம்மலைத் திருப்பவே இல்லை. கெடு முடிந்து நோட்டீஸ் போனது, அதற்கும் வரவில்லை. அடுத்து ஒரு தாய் உங்களிடம் வந்து "பாலு குடிக்கயில வேர்க்குது" என்று சொல்லும்போது, அவள் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுத் தொட்டுப் பாருங்கள்.

ஜெய்பீம்.