பிழைவிட ஒரு பிற்பகல்



தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. நாங்கள் அப்போது ஒன்பதாம் ஆண்டு. விஞ்ஞான ரீச்சர் தன் சைக்கிளை வகுப்பில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து டயோட் வழியாக வானொலிக்கு வயர் கொடுத்தார். வீடுகளில் செய்தி கேட்க எல்லோரும் செய்த வேலைதான். பெடலைச் சுற்றினோம், வானொலி பேசவில்லை. ரீச்சர் வெட்கப்படவில்லை. "எங்கை பிழையெண்டு தேடுங்கோ பிள்ளையள்" என்றார். கழன்றிருந்த வயரைக் கண்டுபிடித்தது நாங்கள்தான். மின்காந்தத் தூண்டல் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அண்மையில் ஒரு கல்வியியற் கல்லூரியில், விஞ்ஞான ஆசிரிய மாணவர்களோடு ஒரு பிற்பகல் இருந்தேன். தொலைபேசிக் கமராவை விரல் நுனியால் மூடி, அதன் விளக்கை எரியவிட்டோம். இதயம் அடிக்கும்தோறும் விரலில் இரத்தம் கூடிக் குறைய, ஒளியும் மாறும். செயலி அதை அலையாக வரையும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கருவியும் ஒளியைக் கொண்டுதான் நாடியை எண்ணுகிறது. எல்லோருக்கும் ஒரே புளுகம். "இதை வகுப்பில் செய்வீர்களா?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை சொன்னாள்: "வேலை செய்யாட்டிப் பிள்ளையள் சிரிப்பினம், டொக்டர். பாக்க வாற ஆக்கள் புள்ளி குறைப்பினம்."

ஒரு தொழில்நுட்பம் பயன்தரும், கையாள இலகு என்ற இரண்டு நம்பிக்கைகளும் இருந்தால் மனிதர் அதை ஏற்பர் என்று 1989இல் பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் இருந்தன. பிழைவிட்டுப் பழகத்தான் இடமில்லை. வைத்தியர்களான எங்களுக்கு அது கிடைத்தது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, நடுங்கும் கையோடு முதல் ஊசியைப் போட்டோம்.

கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து, மூன்றாம் வருடம் கட்டுறுபயில்வுக்கு அவர்கள் பாடசாலைகளுக்கு வருகிறார்கள். இங்கும் வருகிறார்கள். நூற்றாண்டு நிதியில் திறன்பலகை வாங்குவது பற்றிச் சங்கத்தில் பேசுகிறோம். வாங்குவோம். ஆனால் பூட்டிக்கிடக்கும் கணினி அறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே, வாரத்தில் ஒரு பிற்பகல், பாடசாலை விட்ட பிறகு, ஆய்வுகூடத்தை அந்த இளம் ஆசிரியர்களுக்குத் திறந்துவிட அதிபர் அவர்கள் அனுமதிக்கவேண்டும். புள்ளி போட எவரும் வரக்கூடாது. இணையத்துக்கான மாதச் செலவை எங்கள் வகுப்புத் தோழிகள் ஏற்கிறோம். முதல் பிற்பகலுக்கு நானும் வருவேன், சைக்கிளோடு.