ஊஞ்சல் கம்பி எவ்வளவு நீளும்?

கொற்கையில இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார்: "வீட்டு ஊஞ்சல் கம்பி துருப்பிடிச்சிருக்கு, ஆனா நீண்ட மாதிரி தெரியல. விட்டுடலாமா?" பாண்டியர் துறைமுகமா இருந்த ஊர் கொற்கை. இன்னைக்குக் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. ஆனா உப்புக் காத்து போகல. அதனால இது நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பார்ப்போம்.

நாலு இரும்புக் கம்பி, ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 10 மி.மீ. தடிமன். பலகை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 400 கிலோ. அப்போ ஒரு கம்பிக்கு 100 கிலோ, அதாவது சுமார் 1000 நியூட்டன் இழுவை. கம்பியோட குறுக்குப் பரப்பு 78.5 சதுர மி.மீ. இழுவையைப் பரப்பால வகுத்தா தகைவு: சுமார் 13 மெகாபாஸ்கல். அதை எஃகோட யங் குணகம் 2,00,000ஆல வகுத்தா திரிபு: 0.000064. திரிபுன்னா வேற ஒண்ணுமில்ல, நீட்சியை மொத்த நீளத்தால வகுக்கிறதுதான். 2 மீட்டருக்கு 0.13 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளோட தடிமன்!

சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும்; இறங்கினதும் பழைய நீளத்துக்கே திரும்பிடும். ஆக நம்ம கையில 20 மடங்கு பாதுகாப்பு இருக்கு. இப்போ அது எப்படிக் கரையுதுன்னு பாருங்க. பசங்க 60 டிகிரிக்கு ஓங்கி ஆட்டினா, கீழே வரும்போது இழுவை இரண்டு மடங்கு: 20 பத்தாச்சு. பலகை சமமா இல்லாம ரெண்டு கம்பி மட்டும் சுமந்தா அஞ்சாச்சு. துருவும் கொக்கி உரசலும் சேர்ந்து தடிமன் பாதியானா, பரப்பு கால்பங்குதான். அஞ்சு, ஒண்ணேகாலாச்சு.

2022 அக்டோபர் 30ஆம் தேதி குஜராத்தின் மோர்பியில தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தாங்க. புதுப்பிச்சுத் திறந்து நாலே நாள். அறுந்த வடத்தோட 49 கம்பிகள்ல 22 ஏற்கெனவே அரிச்சுப் போயிருந்ததுன்னு விசாரணைக் குழு சொன்னது. அந்த 22 சுமக்கலைன்னா மீதி 27 கம்பிதான் முழுச் சுமையையும் தூக்கணும். ஒவ்வொன்றிலும் தகைவு 1.8 மடங்கு, திரிபும் அதே அளவு.

அப்போ "நீண்ட மாதிரி தெரியல"ங்கிறதுக்குப் பதில்? நம்ம கம்பி 250ஐத் தொடும்போது கூட மொத்தமே 2.5 மி.மீ.தான் நீண்டிருக்கும். பாதிக் கம்பி மட்டும் தேஞ்சிருந்தா அதுவும் இருக்காது. கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால நீளத்தைப் பார்க்காதீங்க, தடிமனை அளங்க. துருவைச் சுரண்டிட்டு, கொக்கி உரசுற இடத்துல வெர்னியர் காலிப்பர் வையுங்க. 8 மி.மீ.க்குக் கீழே இருந்தா மாத்திடுங்க. கொக்கியையும் சேர்த்துத்தான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.