ஆலிஸின் அன்பர்களும் அவர்தம் இதழும்



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் வேளையில், கடல் கடந்த வேறொரு வட்டத்தை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. ஒரே ஓர் ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் கூடியவர்கள் அவர்கள். அந்த ஆசிரியரோ பெருங்காப்பியம் இயற்றியவர் அல்லர். குழந்தைகளுக்குக் கதை சொன்னவர். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். 1832-இல் பிறந்து 1898-இல் மறைந்தார். ஆலிஸ் என்னும் சிறுமி முயலின் வளைக்குள் விழுந்த கதை 1865-இலும், அவள் நிலைக்கண்ணாடிக்குள் புகுந்த கதை 1871-இன் இறுதியிலும் நூலாயின. அவருடைய அன்பர்கள் 1969-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் கண்டனர். உடனே ஓர் இதழும் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜாபர்வாக்கி'.

அந்தப் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. கரோலின் தந்தையார் யார்க்ஷயரிலுள்ள கிராஃப்ட் என்ற ஊரில் பங்குக் குருவாக இருந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். பதின்மூன்று வயதுச் சிறுவன் சார்லஸ், 1845-இல், தன் தம்பி தங்கைக்காகக் கையெழுத்து ஏடு ஒன்றைத் தயாரித்தான். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கையெழுத்து இதழ்கள் தோன்றி மறைந்தன. அவற்றுள் ஒன்றில் ஆசிரியவுரையாக ஒரு புலம்பல் வருகிறது: படைப்புகள் நிரம்பி வழியும் என்று எண்ணி ஆசிரியர் பெட்டியைத் திறந்தாராம், பெட்டி வெறுமையாகக் கிடந்ததாம். இச்செய்தியைப் படிக்கும் சிற்றிதழாளர் எவரும் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தபின் பெருமூச்சு விடாமலும் இருக்க முடியாது. உடன்பிறந்தவர்களின் ஊக்கம் குறையக் குறைய, அண்ணனே இதழ் முழுவதையும் எழுதி நிரப்பும் நிலை வந்தது.

இந்த வரிசையில் இறுதியாக வந்தது 'மிஷ்மாஷ்'. 1855-இல் தொடங்கி 1862 வரை அவ்வப்போது வளர்ந்த அந்த ஏட்டில்தான், ஆங்கிலோ-சாக்ஸன் பழம்பாடல் ஒன்றின் பகுதி என்ற போர்வையில், நான்கடிப் பாட்டொன்று இடம்பெற்றது. அகராதி எதிலும் காணப்படாத சொற்களால் ஆனது அது. நம் பழைய உரையாசிரியர்கள் பாட்டுக்குப் பதவுரை வகுப்பதுபோல, இளைஞர் டாட்ஜ்சன் தம் பொய்ச்சொற்களுக்குத் தாமே பதவுரையும் வகுத்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த நான்கடி, 'ஜாபர்வாக்கி' என்னும் முழுப் பாட்டின் தொடக்கமாக இரண்டாம் நூலில் அமர்ந்தது. ஹம்ப்டி டம்ப்டி என்னும் முட்டை மனிதர் அங்கே உரையாசிரியராக வந்து ஆலிஸுக்குப் பொருள் சொல்கிறார். ஆனால் பழைய உரையும் புதிய உரையும் ஒத்துப்போகவில்லை. 'ராத்' என்ற சொல்லுக்கு 1855-இல் சொன்ன பொருள் ஒருவகை நில ஆமை. நூலில் சொன்ன பொருள் ஒருவகைப் பச்சைப் பன்றி! இல்லாத விலங்குக்கு இரண்டு உடல்கள். கவிஞன் தன் பாட்டுக்குச் சொல்லும் உரையை எவ்வளவு நம்பலாம் என்ற வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இவ்வேறுபாட்டை இன்று எடுத்துக்காட்ட முடிவது எதனால்? ஒரு குடும்பத்துக்குள் மட்டும் கைமாறிய கையெழுத்து ஏடு, எறியப்படாமல் காக்கப்பட்டதனால். அது அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தைச் சென்றடைந்து, ஆசிரியரின் நூற்றாண்டான 1932-இல் அச்சேறியது. ஜப்பானிய அன்பர்கள் 1994-இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது, தம் இதழுக்கு 'மிஷ்மாஷ்' என்றே பெயரிட்டனர். தம்பி தங்கையர் மட்டுமே படித்த ஓர் ஏட்டின் பெயர் அப்படித்தான் ஜப்பான் வரை போயிற்று.

அமெரிக்கச் சங்கம் 1974-இல் பிறந்தது. அதன் இதழ் 'நைட் லெட்டர்'. ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் சொல்லும், சதுரங்கத்தில் குதிரை எனப்படும் வீரனைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. குறைந்த கட்டணத்தில் இரவில் அனுப்பப்பட்ட தந்திக்கு அந்நாட்டில் 'இரவுக் கடிதம்' என்று பெயர் இருந்தது. ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து அதை ஆலிஸ் கதையில் வரும் வெள்ளைக் குதிரைவீரனின் கடிதமாக ஆக்கிவிட்டனர். தமிழில் எழுதினால் இரண்டும் 'நைட்' என்றே நிற்கும். சிலேடை கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்கும்.

இவ்விதழ்களைப் படிப்பவர்கள் யார்? கணித ஆசிரியர், நூலகர், ஓவியர், பழம்புத்தக வணிகர், சதுரங்கப் பித்தர் எனப் பலர். ஆலிஸ் உருவம் தீட்டிய தேநீர்க் கோப்பைகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம். இலக்கியப் பேராசிரியர்கள் மட்டுமே கூடியிருந்தால் இந்த இதழ்களுக்கு இவ்வளவு சுவை வந்திராது என்று துணிந்து சொல்லலாம். முதல் நூலில் ஆலிஸ் பெருக்கல் வாய்பாட்டைத் தவறாக ஒப்பிக்கிறாள்: நாலைந்து பன்னிரண்டு, நாலாறு பதின்மூன்று, இப்படியே போனால் இருபதை எட்டவே முடியாது என்று வருந்துகிறாள். சிறுமியின் உளறல் என்று இலக்கிய வாசகர் கடந்துவிடுவார். கணிதம் அறிந்தவர் அப்படிக் கடப்பதில்லை. பதினெட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் இருபது என்பதைப் பன்னிரண்டு என்றுதான் எழுதவேண்டும். அடுத்த வரிக்கு இருபத்தொன்று அடி. அதற்கடுத்த வரிக்கு இருபத்துநான்கு. ஒவ்வொரு வரிக்கும் அடியை மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் ஆலிஸின் விடைகள் எல்லாம் சரியாகவே வருகின்றன. நாற்பத்திரண்டை அடியாகக் கொள்ளும் பதின்மூன்றாம் வரியில் மட்டும் விடை இருபதாக அமையாது. ஏ. எல். டெய்லர் என்பவர் தமது 1952-ஆம் ஆண்டு நூலில் இதைக் காட்டினார். வாய்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடுவதால் அவள் பத்தொன்பதில் நின்றுவிடுகிறாள் என்ற எளிய விளக்கமும் உண்டு. எது ஆசிரியர் கருத்து? தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் இத்தகைய வினாக்களை மதித்து இடமளிக்க ஓர் இதழ் வேண்டியிருக்கிறது. பெரிய பத்திரிகைகள் இதற்குப் பக்கம் ஒதுக்கமாட்டா.

மார்ட்டின் கார்ட்னர் ஆலிஸ் நூல்களுக்கு எழுதிய விளக்கவுரை 1960-இல் வெளிவந்தது. பின்னர் வாசகர் எழுதிய கடிதங்களும் இச்சங்கங்களின் இதழ்க் குறிப்புகளும் சேரச் சேர, 1990-இலும் 1999-இலும் அவ்வுரை விரிந்தது. உரை என்பது ஒருவர் தனியே அமர்ந்து முடித்துவிடும் வேலையன்று என்பதை நச்சினார்க்கினியரையும் பரிமேலழகரையும் வழிவழியாகக் கற்ற மரபினர்க்கு விளக்க வேண்டியதில்லை.

சங்கம் செய்த பணிகளுள் கண்ணுக்குப் புலனாவது ஒன்று. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கவிஞர் மூலையில், 1982 டிசம்பர் 17 அன்று, லூயிஸ் கரோலுக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. பொருளற்ற பாட்டு எழுதியவருக்குக் கவிஞர் வரிசையில் இடம் கிடைத்தது அன்பர்களின் விடாமுயற்சியால். கல் பதிப்பது நற்செயலே. ஆயினும் அதைவிடக் கடினமான பணி ஒன்று இருந்தது.

கரோல் நாட்குறிப்பு எழுதியவர். மொத்தம் பதின்மூன்று தொகுதிகள். அவற்றுள் நான்கு காணாமற் போயின. எஞ்சிய ஒன்பதிலும் சில பக்கங்கள் வெட்டி எடுக்கப்பட்டுள்ளன. 1953-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த பதிப்போ சுருக்கப் பதிப்பு. ஆசிரியரின் வாழ்வில் இன்று பலரும் தயக்கத்தோடு பேசும் பகுதி ஒன்று உண்டு. சிறுமியரின் நட்பை அவர் விரும்பி நாடினார். அவர்களை ஏராளமாகப் புகைப்படம் எடுத்தார். அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இத்தகைய ஆசிரியரின் நாட்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் அன்பர் கூட்டம் என்ன செய்யவேண்டும்? புகழுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சி, நல்லனவற்றை மட்டும் பொறுக்கித் தரலாம். குடும்பத்தார் சிலர் அவ்வழியில் சென்றதற்கு வெட்டப்பட்ட தாள்களே சான்று. சங்கம் அவ்வாறு செய்யவில்லை. எட்வர்ட் வேக்லிங்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, கிடைத்த நாட்குறிப்பு முழுவதையும் 1993 முதல் 2007 வரை பத்துத் தொகுதிகளாகத் தானே வெளியிட்டது. விரும்பிய வரியும் இருந்தது. விரும்பாத வரியும் இருந்தது.

இந்நேர்மை வீண்போகவில்லை. 1863 ஜூன் மாத இறுதியில் ஒரு தாள் வெட்டப்பட்டிருக்கிறது. அதையொட்டி, ஆலிஸ் லிடெல் என்ற உண்மைச் சிறுமியின் குடும்பத்துக்கும் கரோலுக்கும் இடையே விலகல் நேர்ந்தது. அவர் ஆலிஸை மணக்க விரும்பினார் என்பது பலர் நம்பிய கதை. 1996-இல் கில்ஃபோர்டிலுள்ள குடும்ப ஆவணங்களுக்கிடையே கரோலின் லீச் என்னும் எழுத்தாளர் ஒரு சிறு துண்டுத்தாளைக் கண்டெடுத்தார். வெட்டப்பட்ட தாள்களின் சாரம் அதில் ஓரிரு வரிகளில் குறிக்கப்பட்டிருந்தது. வீட்டு ஆசிரியையை நாடியே அவர் குழந்தைகளுடன் பழகுகிறார் என்றும், 'ஐனா'வை நாடுகிறார் என்றும் ஊரார் பேசிக்கொண்டதாக அக்குறிப்பு சொல்கிறது. ஐனா என்பது ஆலிஸின் அக்காள் பெயர். தாயாரின் பெயரும் அதே லோரினாதான். ஒரு துண்டுத்தாள் பழைய கதையை அசைத்தது. புதிய கதை ஒன்றை உறுதியாக நாட்டவும் இல்லை. அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். அவர்கள் ஒருவரையொருவர் மறுக்கவும் முழுப் பதிப்பையே மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது.

கதை பிறந்த நாளைப் பற்றிய வழக்கும் இத்தகையதே. 1862 ஜூலை 4 அன்று, தேம்ஸ் ஆற்றில் படகு செலுத்திச் சென்றபோது மூன்று சிறுமியர்க்கும் ஆலிஸ் கதை சொல்லப்பட்டது. பொன்வெயில் காய்ந்த பிற்பகல் என்று ஆசிரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கதை கேட்ட ஆலிஸும் கடும் வெயில் என்றே சொன்னார். வானிலைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தவர்கள், அன்று ஆக்ஸ்ஃபோர்டில் குளிரும் மழையும் என்று அறிவித்தனர். பின்னர் டப்ளினைச் சேர்ந்த டாகர்ட்டி என்பவர், பிற்பகலில் வெயிலடித்திருக்க இடமுண்டு என்று 1968-இல் ஒரு வானிலை இதழில் எழுதினார். அந்நாளின் குறிப்பில் கதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதை சொன்ன செய்தியை ஆசிரியர் 1863 பிப்ரவரியில்தான் எதிர்ப்பக்கத்தில் சேர்த்தார். இவ்வளவு சிறிய செய்திக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர் கேட்கட்டும். நினைவு சொல்வதும் ஏடு சொல்வதும் முரணும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவதே அன்பர் இதழின் கடமை.

'ஜாபர்வாக்கி' 1998 முதல் 'கரோலியன்' என்ற பெயரில் வரத்தொடங்கியது. பெயர் மாற்றத்தால் அன்பர் கூட்டத்தின் ஆர்வம் குறையவில்லை. 2015-இல் ஜான் லிண்ட்செத் என்பாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, ஆலிஸ் கதை உலக மொழிகளில் பெயர்க்கப்பட்ட வரலாறு மூன்று பெருந்தொகுதிகளாக வந்தது. நூற்று எழுபத்து நான்கு மொழிகளின் மொழிபெயர்ப்புகள் அதில் ஆராயப்பட்டன. தேநீர் விருந்துப் பகுதியைப் பல மொழிகளிலிருந்தும் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, எது நின்றது, எது போயிற்று என்று காட்டினர். சிலேடைகள்தாம் முதலில் போயிருக்கும் என்று கவிஞர்கள் ஊகிப்பர். சில மொழிபெயர்ப்பாளர்கள் தம் மொழியிலேயே புதுச் சிலேடை படைத்து அந்த இழப்பை ஈடுசெய்தனர்.

நாட்குறிப்பின் நான்கு தொகுதிகளும் இன்றுவரை கிட்டவில்லை. 1858 ஏப்ரல் முதல் 1862 மே வரையிலான நாள்கள், அதாவது அந்தப் படகுப் பயணத்துக்கு முந்திய நான்காண்டுகள், அவற்றோடு மறைந்து கிடக்கின்றன. 1861 முதல் இறுதிக்காலம் வரை தாம் எழுதியதும் பெற்றதுமான கடிதங்களுக்கு அவர் வரிசையெண் இட்டுப் பதிவேடு வைத்திருந்தார். அதன் கடைசி எண் 98,721. அந்தப் பதிவேடும் காணவில்லை. பழம்புத்தகக் கடைகளிலும் ஏலப் பட்டியல்களிலும் அன்பர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.