பழைய வண்டிக்குப் புது ஒயரிங்



தையல், கறவை மாடு, மசாலாப் பொடி என்று ஆளுக்கொரு தொழிலைப் பற்றிப் பேசினீர்கள். என் தொழில் வண்டி ஒயரிங். அப்பாவின் பட்டறையில் கற்றுக்கொண்டது. குழுக் கடனில் மல்டிமீட்டரும் மற்ற சாமான்களும் வாங்கித் தனியாகச் செய்ய ஆரம்பித்தேன். அதில் ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழு அக்கா ஒருவர் வீட்டில் பழைய அம்பாசிடர் இருக்கிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்த வண்டி. 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வாடகையில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். வைகாசி முகூர்த்தம் ஒன்று முடிந்து ராத்திரி திரும்பும்போது டேஷ்போர்டுக்குள்ளே இருந்து புகை வந்துவிட்டது. "டேப் சுத்தி ஓட்டுங்க" என்றார் ஒருவர். "எடைக்குப் போட்டுடுங்க" என்றார் இன்னொருவர். அக்கா என்னிடம் வந்தார்.

பிரித்துப் பார்த்தேன். முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட் ஒயருக்கு ஃபியூஸே கிடையாது. போதாததற்குப் பெரிய பல்பும் பாட்டுப் பெட்டியும் சேர்த்திருந்தார்கள். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவே போய்வந்தது. சூடாகாமல் என்ன செய்யும்? டைனமோவோ, வண்டி மெதுவாக நிற்கிற நேரத்தில் சார்ஜே தராது. ஊர்வலத்தில் ஊர்ந்து போகும்போது எல்லாம் பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

"அக்கா, டேப் சுத்த மாட்டேன். செய்தால் முழுசா மாத்தணும்" என்று சொல்லிவிட்டேன். குழுக் கூட்டத்தில் கடன் கேட்டபோது, "பழைய இரும்புக்கா கடன்?" என்று கேள்வி வந்தது. கேட்டதில் தப்பில்லை, அது எல்லோருடைய சேமிப்பு. கருகிப்போன ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோர் கைக்கும் போய் வந்தது. அக்காவும் வாடகைக் கணக்கு நோட்டை எடுத்து வைத்தார். கடன் கொடுத்தோம்.

ஆடியில் கல்யாணம் இல்லை, வண்டி சும்மா நிற்கும். அந்த மாதத்தில் வேலையை முடித்தோம். முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றினேன். கடைசியாக மாட்டுவதும் அதைத்தான். டைனமோவுக்குப் பதில், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற ஆல்டர்னேட்டர் வைத்தோம். மெதுவாக ஓடும்போதும் அது சார்ஜ் தரும். அதிலிருந்து பேட்டரிக்குப் போகிற ஒயரைத் தடிமனாகப் போட்டு, பேட்டரி பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ் வைத்தேன். ஹெட்லைட்டுக்கு ரிலே. இனி சுவிட்ச் ரிலேயைத் தூண்டினால் போதும், பெரிய மின்சாரம் சுவிட்சுக்குள் நுழையாது. ஹாரன், வைப்பர், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். என்ஜினுக்கும் பாடிக்கும் புது எர்த் ஒயர்.

இது நமக்குத் தெரிந்த கணக்குதானே? ஒரு குழுவில் சிக்கல் வந்தால் கூட்டமைப்பே நின்றுவிடாமல், குழுவுக்குத் தனிக்கணக்கு வைத்திருக்கிறோம். அதே மாதிரி, ஹாரனில் ஷார்ட் ஆனால் ஹாரன் ஃபியூஸ் மட்டும் போகும், விளக்கு எரியும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டர் வைத்தேன். 14.1 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டும் 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டி பூ அலங்காரத்தோடு புறப்பட்டது. தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

சகோதரிகளே, வீட்டுக்குப் போனதும் ஒன்றைப் பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், ஆள் வைத்து இன்றைக்கே மாற்றுங்கள். ஃபியூஸ் போவது தொந்தரவு இல்லை, எங்கேயோ கோளாறு என்று நமக்குச் சொல்கிறது. அதன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது ஒயர், அப்புறம் வீடு.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்பிள்ளைகள் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். சொல்லித் தருகிறேன்.