பிசாசுக் குழந்தையும் ஹல் ஹௌஸும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாராம்சம்)



"தொண்டு" என்பதைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. இந்த வார்த்தை நம் நாட்டில் படாத பாடு பட்டு வருகிறது. கோவில் விளக்கைத் துடைத்தால் தொண்டு. திருவிழாவில் நீர்மோர் ஊற்றினால் தொண்டு. தேர்தல் சமயத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்து நான்கு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்துக்கொண்டால் அதுவும் தொண்டு. இவைகளில் கொடுக்கிறவனுக்குப் புண்ணியமோ, பெயரோ, ஓட்டோ கிடைக்கிறது. வாங்குகிறவன் நிலைமை மாத்திரம் நேற்று இருந்தது போலவே நாளைக்கும் இருக்கிறது. ஆகையால் வார்த்தைக்கு வியாக்கியானம் செய்துகொண்டிராமல், உண்மையில் நடந்த ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கிறோம். நமக்குப் பள்ளிக்கூடப் படிப்பு சொற்பம். கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகிறோம். நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

1884-ல் லண்டன் பட்டணத்தின் கிழக்குப் பக்கம், ஒயிட்சாப்பல் என்னும் ஏழைகள் பகுதியில், டாயின்பீ ஹால் என்று ஒரு வீடு ஏற்பட்டது. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் ஏற்படுத்தியது. படித்த வாலிபர்கள் வந்து ஏழைகளின் நடுவிலேயே குடியிருந்து, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, தெரியாததைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த சட்டம் 1947-ல் நிறைவேறினபோது பிரதம மந்திரியாயிருந்த ஆட்லி, 1910-ல் இந்த வீட்டுக்குக் காரியதரிசியாய் இருந்தவர்தான்.

அமெரிக்காவிலிருந்து ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி 1888-ல் அங்கே போய்ப் பார்த்தார். பணக்கார வீட்டுப் பெண், காலேஜில் படித்தவர், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சில வருஷங்கள் திண்டாடியவர். ஊர் திரும்பி, எல்லன் ஸ்டார் என்ற சிநேகிதியுடன், 1889 செப்டம்பர் 18-ந் தேதி சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீட்டில் குடியேறினார். ஹல் என்பவர் கட்டிய வீடானதால் ஹல் ஹௌஸ் என்று பெயர். சிகாகோவில் அப்பொழுது பத்து லட்சம் ஜனங்கள். அதில் நூற்றுக்கு நாற்பது பேர் வெளிதேசத்தில் பிறந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தெருக்களில் இத்தாலியர், ஜெர்மானியர், போலிஷ்காரர், கிரேக்கர், ருஷ்யாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் ஆகியோர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். தெருவுக்கு ஒரு பாஷை. இங்கே தங்கியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் அவர்களே பணம் கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில் இருந்தார்கள். ஜேன் ஆடம்ஸ் 1935-ல் சாகும் வரை அதுவே அவருக்கு வீடு.

போனவுடன் என்ன செய்தார்கள்? நாமாயிருந்தால் என்ன செய்வோமோ அதையேதான் முதலில் செய்தார்கள். அதாவது, இந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் சொல்லிக்கொடுப்போம் என்று ஆரம்பித்தார்கள். சத்துள்ள ஆகாரத்தைச் சாஸ்திரப்படி சமைத்து மலிவாய் விற்கப் பொதுச் சமையற்கூடம் வைத்தார்கள். வாங்க ஆளில்லை. சத்து இருக்கிறது என்பது வாஸ்தவம், ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் நான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இத்தாலியனுக்கு அவன் வீட்டுச் சாப்பாடு. யூதனுக்கு அவன் வீட்டுச் சாப்பாடு. இந்தத் தோல்வியை ஜேன் ஆடம்ஸ் மறைக்கவில்லை. 1910-ல் தாம் எழுதிய புத்தகத்தில் தாமே சொல்லியிருக்கிறார். இதுதான் முதல் பாடம். பாடம் சொல்லப் போனவர்கள் பாடம் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிட்டாயை வேண்டாம் என்று சொல்லும் குழந்தை உண்டா? விசாரித்துப் பார்த்ததில், அந்தச் சிறுமிகள் மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை ஆறு வாரமாய் வேலை செய்து வந்தார்கள் என்றும், மிட்டாயைப் பார்த்தாலே அவர்களுக்குக் குமட்டுகிறது என்றும் தெரிந்தது. தர்மம் செய்கிறவன் மிட்டாயைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். கூடவே குடியிருந்தவர்களுக்குத்தான், "இது ஏன்?" என்று கேட்க முடிந்தது.

அந்தக் கேள்வி லேசில் ஓயவில்லை. புருஷன் கொடுமை பொறுக்காமல் மூன்று குழந்தைகளுடன் 1891-ல் அங்கே வந்து சேர்ந்த ப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணி, வீடு வீடாய் ஏறி இறங்கி, யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், என்ன கூலி என்று கணக்கெடுத்தார். அதன் பலனாக 1893-ல் சட்டம் வந்தது. பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று அதில் கண்டிருந்தது. கெல்லியே முதல் தலைமை இன்ஸ்பெக்டர் ஆனார். ஆனால் 1895-ல் அந்த மாகாண உயர்ந்த நீதிமன்றம் எட்டு மணி நேர விதியை ரத்து செய்துவிட்டது. ஏன் தெரியுமா? அது பெண்களின் ஒப்பந்த சுதந்திரத்துக்கு விரோதமாம்! சாகிற வரை உழைப்பதற்கு மாத்திரம் பெண்ணுக்குச் சுதந்திரம் வேண்டுமென்று அழுத நியாயாதிபதிகளின் கருணையே கருணை!

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹல் ஹௌஸ் பணக்காரர்களின் உதவியால்தான் நடந்தது. அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. ஆனால் இந்தச் சட்டத்துக்காகக் கிளர்ச்சி செய்வதை விட்டுவிட்டால் 50,000 டாலர் தருவதாக முதலாளிகள் தரப்பிலிருந்து பேச வந்தபோது, வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அந்த வட்டாரத்தில் குப்பை நாறியது, குழந்தைகள் செத்தன. "ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஹல் ஹௌஸ் பெண்களோ சந்து சந்தாய்ப் போய், குப்பைக் குத்தகைக்காரன் வாராமல் விட்ட இடங்களைக் கணக்கெடுத்தார்கள். கடைசியில் 1895-ல் ஜேன் ஆடம்ஸ் தாமே அந்த வார்டின் குப்பை இன்ஸ்பெக்டராகி, விடிவதற்கு முன் எழுந்து குப்பை வண்டிக்குப் பின்னால் போனார். ஒரு சந்தில் ஒன்றரை அடிக் குப்பையை எடுத்த பிறகுதான் அடியில் கல் பாவிய ரோடு இருப்பதே தெரிந்ததாம். குற்றம் ஜனங்கள் மேலா, வரி வாங்கிக்கொண்டு வாராமலிருந்தவர்கள் மேலா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிற்க. இவ்வளவும் சொன்னது இனிச் சொல்லப் போவதற்காகவே. 1913-ல் ஒருநாள் ஹல் ஹௌஸ் வாசலில் கூட்டம் கூடியது. கொம்பும் வாலும் பிளந்த குளம்புமாய் ஒரு பிசாசுக் குழந்தை பிறந்து அங்கே வைக்கப்பட்டிருப்பதாய்ப் புரளி. சாமி படத்தை ஒரு நாஸ்திகன் கிழித்து, இதைவிடப் பிசாசு வீட்டிலிருக்கலாம் என்று சொன்னதால் அப்படிப் பிறந்தது என்று இத்தாலியர் சொன்னார்கள். ஏற்கனவே ஆறு பெண்களைப் பெற்றவன், ஏழாவதும் பெண்ணாய்ப் பிறப்பதைவிடப் பிசாசு பிறக்கலாம் என்று சொன்னதால் பிறந்தது என்று யூதர் சொன்னார்கள். மதத்துக்கொரு பிசாசு! ஆறு வாரம் ஜனங்கள் சாரிசாரியாய் வந்தார்கள். பார்க்கப் பணம் கொடுக்கிறோம் என்றார்கள். இல்லை என்றாலும் நம்பவில்லை.

இதை முதல் தடவை படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். "பார்த்தாயா வெள்ளைக்காரன் மூடத்தனத்தை" என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டலும் வாங்கினோம். ஜேன் ஆடம்ஸ் சிரிக்கவில்லை. பிசாசு கிசாசு ஒன்றுமில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே, யார் வருகிறார்கள் என்று கவனித்தார். அதிகமாய் வந்தவர்கள் கிழவிகள். புருஷனிடம் உதைபட்டவர்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனையும் அடங்காத மகனையும் பயமுறுத்த அவர்கள் கையில் வேறு ஆயுதம் ஒன்றுமில்லை. இந்தக் கதை ஒன்றுதான் இருந்தது. இதை அவர் 1916-ல் விவரமாய் எழுதி வெளியிட்டார். படித்து முடித்ததும் நமக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

ஏன் வெட்கம்? பிசாசு பொய் என்பதில் நமக்கு இன்றும் சந்தேகமில்லை. அது கடைந்தெடுத்த பொய். ஆனால் அந்தப் பொய்யைக் கிழவி ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசுகிறோம், சிரிக்க வைக்கிறோம், அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறோம். அடிபடுகிறவள் அன்றிரவும் அடிபடுகிறாள். அவளுக்கு அடியைத் தடுக்கச் சட்டமும், சொந்தச் சம்பாத்தியமும், பக்கத்தில் நிற்க நாலு பேரும் இல்லாதபோது, பிசாசை மாத்திரம் பிடுங்கிக்கொண்டு போவது எப்படி முடியும்? ஊன்றுகோலைப் பிடுங்குகிறவன் காலுக்கும் வைத்தியம் செய்ய வேண்டாமா?

இன்னொன்று. குடியேறினவர்களின் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசக் கற்றதும், தாயைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். 1900-ல் ஹல் ஹௌஸில் ஒரு தொழிற்காட்சிச் சாலை வைத்து, இத்தாலியப் பெண்களை அவர்கள் ஊர் முறையில் நூல் நூற்கச் செய்து எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். தாயோடு ஒரே வாசலில் நுழைய வெட்கப்பட்ட ஒரு பெண், ஊரார் தன் தாயின் கைத்திறத்தைப் புகழ்வதைக் கேட்ட பிறகு, தாயோடு சேர்ந்தே வந்தாளாம். சுயமரியாதை என்பதை ஒருவன் மற்றவனுக்குத் தானம் கொடுக்க முடியாது. அவனிடம் உள்ளதை மதித்தால் அது தானே நிமிரும்.

ஹல் ஹௌஸ் கட்டிடங்களில் பெரும்பாலானவை 1960-களில் இடிக்கப்பட்டுவிட்டன. பழைய வீடு காட்சிசாலையாய் இருக்கிறது. அந்தப் பெயரால் நடந்துவந்த சங்கமும் 2012-ல் மூடப்பட்டது. கட்டிடம் போனால் போகட்டும். அங்கே பிறந்த கேள்விகள் சட்டங்களாகியிருக்கின்றன.

தோழர்களே! வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ தொண்டு செய்யவென்று புறப்படும் வாலிபர்கள் உங்களிலும் இருப்பார்கள். போங்கள். ஆனால் போன இடத்தில் முதலில் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருங்கள். திரும்பி வந்து நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டாம். என்ன கற்றீர்கள் என்று சொல்லுங்கள். நாமும் அடுத்த தடவை இவ்வூருக்கு வரும்போது ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஓடாமல், நாலு நாள் தங்கி உங்கள் பேச்சைக் கேட்கிறதாய் உத்தேசம்.