ஆழ்துளைக் கிணற்றின் வாய்



எங்கள் சங்கரன்கோவில் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கிணறே கதி. முன்னாளில் வெட்டிய கிணறு அகன்ற வாயுடையது. ஊர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு. தோட்டக் கிணறுகள் பலவற்றிற்கு அதுவும் இல்லை. ஆயினும் அது கண்ணுக்குத் தெரியும் அபாயம். ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று தாய் விரல் நீட்டிக் காட்டலாம். ஆழ்துளைக் கிணறோ அவ்வாறன்று. வாய் ஒரு சாண் அளவே. ஆழமோ நூற்றுக்கணக்கான அடி. பெரியவர்க்கு அது கால் தடுக்கும் பொந்து; இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கோ உடல் முழுவதையும் விழுங்கும் குழி.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சங்கரன்கோவிலை அடுத்த குத்தாலப்பேரியில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறு வீழ்ந்தான். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர், தாம் உருவாக்கிய இயந்திரக் கருவியைத் துளையினுள் இறக்கி அவனை உயிருடன் மேலே கொணர்ந்தார். அதே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் வீழ்ந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. 2019 அக்டோபர் 25-ஆம் நாள் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை நாடே கண்டது. ஏறத்தாழ 26 அடியில் சிக்கியிருந்த இரண்டு வயதுக் குழந்தை, பின்னர் 80 அடிக்கும் கீழே நழுவிவிட்டது. பக்கத்தில் குழி தோண்ட வந்த இயந்திரங்களைக் கடும்பாறை தடுத்தது. 29-ஆம் நாள் அதிகாலையில் உடலே கிடைத்தது.

இத்தகைய வேளைகளில், ‘பெற்றவள் கவனிக்கவில்லையா?’ என்று கேட்பவர் பலர். அக்கேள்வி எனக்கு உடன்பாடன்று. ஓடியாடும் குழந்தையை இமைப்பொழுதும் விடாமல் காக்க எவராலும் இயலாது. இரும்பு மூடியோ உறங்குவதில்லை.

துளை ஏன் திறந்து கிடக்கிறது? கடன் பட்டுத் துளையிடுகிறார் உழவர், தண்ணீர் வரவில்லை. போட்ட பணத்தில் சிறிதாவது மிஞ்சட்டும் என்று உள்ளிருக்கும் குழாயையும் உருவிக்கொள்கிறார். பிறகு ஒரு சாக்குத் துண்டையோ முள்ளையோ வாய்மேல் போட்டுவிட்டுப் போகிறார். சாக்கு மூடிய துளை திறந்த துளையினும் கொடியது. அது பள்ளத்தை மறைக்கிறதே அன்றித் தடுப்பதில்லை.

உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே இதற்கு நெறிமுறைகள் வகுத்துள்ளது. துளையிடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே நிலவுடைமையாளர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். வேலை நடக்கையில் சுற்றிலும் முள்கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். முடிந்தபின் குழாயின் வாயை எஃகுத் தகட்டால் பற்றவைத்தோ, திருகாணியிட்ட உறுதியான மூடியாலோ அடைத்து, அதனைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டுதல் வேண்டும். கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல் முதலியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்புதல் வேண்டும். இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது.

அந்த மேடையின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். (கிணற்றில் ஏறிச் சறுக்கும் தவளைக் கணக்கை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! இது அதனினும் பயனுள்ளது.) நீளமும் அகலமும் அரை மீட்டர்; உயரம் 0.60 மீட்டர், அதில் பாதி மண்ணுக்குள். மொத்தம் 0.15 கன மீட்டர். ஏறத்தாழ ஒரு மூட்டைச் சிமெண்டில் முடிந்துவிடும் வேலை இது. பல நூறு அடி துளைத்த செலவோடு ஒப்பிட்டால், இது ஒரு பொருட்டன்று.

நீங்கள் வயற்புறம் செல்கையில் மூடாத துளையைக் கண்டால், உரியவரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லுங்கள். மோட்டாரை மேலே தூக்கிப் பழுது பார்க்கும்போதும் துளையைத் திறந்து போடலாகாது என்று அந்நெறிமுறை தனியே கூறுகிறது. வேலையாட்கள் உணவுக்குச் செல்லும் அரைமணி நேரத்திற்கும் அது பொருந்தும்.